மஞ்சச் சட்டையும் மாப்பிள்ளையும்

அந்த வீட்டில் இருந்தது மூன்றே பேர். ஆனாலும் பேச்சு எப்போதும் சுற்றுவழியில்தான் போய்ச் சேரும்.

"அப்பா, எனக்குப் போதும்னு சொல்லுங்க" என்பாள் குட்டி. சாப்பாடு போடுகிறவள் கரண்டியும் கையுமாக அவள் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

"போதுமாம்" என்பார் அப்பா.

"இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்கச் சொல்லுங்க. காலையிலயும் அரையும் குறையுமா சாப்பிட்டுத்தான் ஓடினா."

"வெச்சுக்கணுமாம்."

"வேண்டாம்னு சொல்லுங்கப்பா."

அப்பாவுக்குக் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. பகலெல்லாம் வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இன்னோர் உத்தியோகம் காத்திருக்கும். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும், அந்தப் பக்கத்து முறைப்பை இந்தப் பக்கத்துக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும், நடுவில் தானும் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். அண்ணன் இளைத்துப் போனதற்குப் புதுப் பெண்டாட்டியின் சமையல்தான் காரணம் என்று அவருடைய தங்கை போனில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சமையல்மேல் அப்படிப் பழி போடுவது அநியாயம். மனிதரை இளைக்க வைத்தது இந்தத் தூது வேலைதான்.

கரண்டியும் கையுமாக நின்றவள் அவருடைய இரண்டாவது மனைவி. பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரு பஸ் வாசலில் நுழையும்போதே சத்தத்தை வைத்து எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவாள். உதிரி பாகங்களின் மேல் பொடிப்பொடியாக இருக்கும் எண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போக ஆரம்பித்ததும், கண்ணாடி போட்டுக்கொள்ள அவர் கடைக்குப் போனாள். கண்ணாடிச் சட்டத்தைச் சரிபண்ண ஒரு தடவை வந்தால் போதும். கடைக்காரர் திரும்பத் திரும்ப வரச் சொன்னார். இவளும் சளைக்காமல் போனாள். நாற்பது வயதுக்குமேல் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களுக்கு, "வண்டி லேட்டா வந்தா ஏறாம விட்டுடுவீங்களா?" என்று பதில் சொன்னாள்.

குட்டிக்குப் பதிமூன்று வயது. அவளைப் பெற்றவள் நோயில் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குட்டி கெட்ட பெண் இல்லை. கதவை அறைந்து சாத்தியதில்லை, முகத்தில் அடித்தாற்போல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேசவே இல்லை, அவ்வளவுதான். மெக்கானிக்குக்கு அதுதான் தாங்கவில்லை. டிப்போவில் அவளைத் திட்டாத டிரைவர் கிடையாது. அவளிடம் திட்டு வாங்காத டிரைவரும் கிடையாது. திட்டினால் திருப்பித் திட்டலாம், சாயங்காலம் சேர்ந்து டீ குடிக்கலாம். மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருக்கிற பெண்ணை என்ன செய்வது? அம்மா என்று கூப்பிட வேண்டும் என்கிற பேராசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. சித்தி என்றால் சந்தோஷம். வெறுமனே "இந்தாங்க" என்று கூப்பிட்டிருந்தால்கூட அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து, பின்வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"நான் அத்தை வீட்டுக்கே போயிடறேன்பா. லீவு விட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. அங்கயே ஸ்கூல்லயும் சேர்ந்துக்கறேன்."

"ஏம்மா, இங்க உனக்கு என்ன குறை?"

"குறைன்னு இல்லப்பா. மஞ்சச் சட்டைகூட இப்ப வர்றதில்ல. எல்லாத்தையும் மாப்பிள்ளையே தின்னுட்டுப் போயிடுது. இங்க எனக்கு என்ன இருக்கு?"

மெக்கானிக் கழற்றின ஷூவைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவள் யாரையும் துரத்திவிட்டு ஒரு வீட்டில் குடியேற வந்தவள் இல்லை. தன்னால் ஒரு பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறது என்றால், அதற்கப்புறம் அந்த வீட்டில் எப்படிச் சோறு இறங்கும்? அந்த மனிதர்தான் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பார்? சத்தம் போடாமல் ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு, அப்போதுதான் வந்தவள் போலக் கதவைத் தட்டினாள்.

மஞ்சச் சட்டை என்பது ஒரு குருவி. கொல்லையில் ஓர் இரும்புக் கம்பம். அதன் உச்சியில் வளைந்த கொக்கியில் ஒரு தீனிக்குழாய் தொங்கும். உள்ளே இருக்கும் தானியம் வெளியே தெரியும், பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள், ஓட்டைக்கொரு குச்சி. குருவிகள் குச்சியில் உட்கார்ந்து கொத்தித் தின்னும். குட்டியின் அம்மா மாட்டியது. குளிர் ஆரம்பித்ததும் எங்கிருந்தோ ஒரு ஜோடி வரும். ஆணுக்கு மார்பு முழுக்கப் பளீரென்று மஞ்சள். அதற்கு மஞ்சச் சட்டை என்று பெயர் வைத்தவளும் அந்த அம்மாதான். படுக்கையோடு படுக்கையாகிப் போன காலத்திலும், "சட்டை வந்தாச்சா?" என்று கேட்டு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவாளாம். அவள் போன பிறகும் ஒவ்வொரு குளிருக்கும் அந்த ஜோடி வந்தது. இந்தக் குளிருக்கு வரவில்லை.

வராததற்குக் காரணம் ஓர் அணில். பூனைக்குட்டி அளவுக்கு வளர்ந்த சாம்பல் நிறத் தடியன். கம்பத்தில் ஏறி, குழாயைக் கட்டிப்பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, மூக்குமுட்டத் தின்று, பிடிக்காத தானியத்தையெல்லாம் கீழே தள்ளிவிட்டு, புல்தரையில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஏப்பம் ஒன்றுதான் பாக்கி. பக்கத்தில் ஒரு குருவி வந்தால் போதும், பாய்ந்து விரட்டும். "விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி என்ன அதிகாரம் பண்ணுது பாரு" என்று அப்பா ஒருநாள் சொல்லப்போக, மாப்பிள்ளை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மெக்கானிக் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். மாப்பிள்ளையை ஒதுக்கினால் மஞ்சச் சட்டை வரும். மஞ்சச் சட்டை வந்தால் குட்டி போக மாட்டாள். கோளாறு எங்கே என்று தெரிந்தால் வண்டி ஓடிவிடும் என்கிற டிப்போக் கணக்கு. வீட்டு விவகாரத்துக்கு இந்தக் கணக்கு செல்லுமா என்று அவள் யோசிக்கவில்லை. லீவு நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலில் குழாயைக் கொக்கியோடு சேர்த்துக் கம்பி போட்டு இறுகக் கட்டினாள். ஆடாமல் இருந்தது மாப்பிள்ளைக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. கண்ணாடிக் கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்: கம்பத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டிவைத்தால், இன்னொரு அணில் என்று நினைத்துப் பயந்து ஓடிவிடும். கட்டினார்கள். மாப்பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டு, பிறகு நிதானமாகச் சாப்பிடப் போயிற்று.

மெக்கானிக்குகளுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சிக்கல் வந்தாலும் இறுக்கிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் ஆகாவிட்டால் கிரீஸ் தடவிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். இறுக்கிப் பார்த்தாயிற்று. அணிலைச் சுத்தியலால் தட்ட முடியாது. எனவே டிப்போ ஸ்டோரில் கேட்டு ஒரு டப்பா பேரிங் கிரீஸ் வாங்கி வந்தாள். குட்டி படித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, கம்பத்துக்கு அடியிலிருந்து நுனிவரை வஞ்சனையில்லாமல் பூசினாள்.

மறுநாள் காலையில் குட்டி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனதும் புருஷனும் பெண்டாட்டியும் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டார்கள். மாப்பிள்ளை வழக்கம்போல வேலியிலிருந்து இறங்கி, கம்பத்துக்கு அடியில் வந்து, ஒரே தாவாகத் தாவியது. பாதிவரை போயிற்று. அங்கிருந்து சர்ரென்று கீழே வந்தது. தன்னை யாராவது பார்த்தார்களா என்பதுபோலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடியும் தாவியது. மறுபடியும் சர்ர்ர். அப்பா சிரித்துச் சிரித்து, கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்தே விட்டார். மெக்கானிக்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. குட்டியின் புத்தகப் பை புல்லில் கிடந்தது. யூனிபார்மோடு வேலி ஓரம் மண்டியிட்டிருந்தவள், காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? கொஞ்சமாவது யோசிச்சீங்களா? வந்து பாருங்க!"

மெக்கானிக் குனிந்து பார்த்தாள். செடிக்கு அடியில் மாப்பிள்ளை சுருண்டு கிடந்தது. வயிற்று முடியெல்லாம் கிரீஸில் ஒட்டித் திரித் திரியாக நின்றது. பெருத்த உடம்பு பாதியாகச் சுருங்கிவிட்டாற்போல் இருந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டே, விடாமல் தன்னை நக்கிக்கொண்டிருந்தது.

"நக்கி நக்கி எல்லாம் வயித்துக்குள்ள போகுது! முடி ஒட்டிக்கிட்டா அதுக்குக் குளிர் தாங்காது, உங்களுக்குத் தெரியாதா? இதே மஞ்சச் சட்டை வந்து அந்தக் கம்பத்துல மோதியிருந்தா? றெக்கை ஒட்டிக்கிட்டிருந்தா? எங்க அம்மா வெச்ச கம்பம் அது!"

சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்தார். "குட்டி! பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மெக்கானிக். "அவ என்கிட்ட பேசிட்டிருக்கா."

அப்பாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த வாயில்லா ஜீவனைப் பார்த்து மெக்கானிக்குக்குப் பாவமாக இருந்தது. இப்படியொரு முட்டாள்தனத்தைப் பண்ணிவிட்டு ஜன்னலில் நின்று சிரித்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அத்தனை மாதமாகக் காத்திருந்த காதில் அந்தத் திட்டு வந்து விழுந்தபோது, வயிற்றில் யாரோ பாலை வார்த்தாற்போலவும் இருந்தது. பொய் சொல்வானேன், இன்னும் இரண்டு திட்டு திட்ட மாட்டாளா என்றுகூட நினைத்தாள்.

"தப்புதான்" என்றாள். "யோசிக்காம பண்ணிட்டேன். இப்ப என்ன பண்ணலாம், நீ சொல்லு."

குட்டி சண்டைக்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள். எதிராளி இவ்வளவு சீக்கிரம் கையைத் தூக்கிச் சரணடைவாள் என்று எதிர்பார்க்கவில்லை. "எனக்கும் தெரியல" என்றாள், குரல் இறங்கி.

"நான் கையில கிரீஸ் பட்டா மண்ணெண்ணெய் போட்டுத்தான் தேய்ப்பேன். இதுக்கு அது ஆகுமா ஆகாதான்னு…"

"டாக்டரைக் கேட்கலாம்" என்றாள் குட்டி.

தெருமுனையில் ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். போனை எடுத்தவர், மண்ணெண்ணெயை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று முதலில் ஒரு அதட்டு அதட்டினார். மாவைத் தூவிக் கிரீஸை உறிஞ்ச விடுங்கள், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து மெதுவாக அலசுங்கள், நன்றாகக் காய்கிறவரை விடாதீர்கள், காலையில் சாப்பிடாவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள் என்றார். கடைசியில், "அணிலுக்கு எப்படிங்க பேரிங் கிரீஸ் பட்டுச்சு?" என்று கேட்டார். மெக்கானிக் அதற்குள் மாவு டப்பாவை எடுக்கப் போய்விட்டாள்.

டிப்போவில் போட்டுக்கொள்ளும் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு மெக்கானிக் மாப்பிள்ளையைப் பிடித்தாள். அது உறையை ஒரு கடி கடித்தது. "கடி, நல்லாக் கடி. எனக்கு வேணும்" என்று அவள் சொன்னதற்குக் குட்டியின் உதடு லேசாக வளைந்தது. குளியலறைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மெக்கானிக் பிடித்துக்கொள்ள, குட்டி மாவைத் தூவி, மிருதுவான பல் துலக்கும் பிரஷ்ஷால் வாரினாள். தண்ணீர் மாற்றி மாற்றி வந்தது. கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தவர் அப்பா. தூது வேலை பறிபோனதில் அவருக்குத் துளியும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க."

"இப்படியா?"

"ம். வாலைப் பிடிச்சுக்கோங்க. இழுக்காதீங்க."

நேர்ப்பேச்சு. நடுவில் யாரும் இல்லை. மாப்பிள்ளையை ஒரு பழைய துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மெக்கானிக் உறையைக் கழற்றிக் கையைக் கழுவினாள். குட்டி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணிலும் விரல்மடிப்பிலும் கறுப்புக் கோடுகள் இருந்தன.

"இது போகவே போகாதா?"

"போகாது. நானும் தேய்க்காத தேய்ப்பு இல்ல. கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படித்தான் இருந்துது. உங்கப்பா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல."

"அவருக்கு தூரத்துல இருக்கறதுதான் தெரியும். கிட்டத்துல இருக்கறது தெரியாது" என்றாள் குட்டி. சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்பதுபோல விழித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா இருமினார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை பெட்டிக்குள்ளேயே வயிறு முட்டத் தின்றுவிட்டு, வெளியே விட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலி ஏறி ஓடியது. கம்பத்தைச் சோப்புப் போட்டு, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கியவள் மெக்கானிக். அது காய்வதற்குள் மாப்பிள்ளை வந்து அதில் ஏறி, தீனிக்குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

"நன்றி கெட்ட ஜென்மம்!" என்றாள் மெக்கானிக்.

"கீழயிருந்து ஏறி வந்தா தலையில முட்டணும்" என்றாள் குட்டி. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினாள். "கம்பத்துக்கு நடுவுல இந்த மாதிரி பெருசா ஏதாவது இருந்தா, சுத்திப் போகவும் முடியாது, தாண்டவும் முடியாது. அதுக்கு அடியும் படாது."

மெக்கானிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "பஸ் சக்கரத்து மூடி!"

ஓடாத பஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்ட மூடி டிப்போவில் எத்தனையோ கிடந்தது. நசுங்காத ஒன்றைக் கேட்டு வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, கம்பத்தில் கோத்து, அது இறங்காமலிருக்கக் கீழே ஹோஸ் கிளிப் என்கிற இறுக்கு வளையத்தை மாட்டினாள். மூடி குடை மாதிரி நின்றது. ஸ்பேனரால் ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு. மலையே வந்து இடித்தாலும் அசையாது என்கிற திருப்தியோடு நிமிர்ந்தாள். குட்டி விளிம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இவ்வளவு இறுக்கமா இருந்தா விளிம்பைப் பிடிச்சுத் தொத்திக்கும். லூசா இருக்கணும். அது கை வெச்சா மூடி சாயணும், அது கீழ வந்துடணும்."

"எதுவும் ஆடக்கூடாதுன்னு பார்க்கத்தான் எனக்கு வேலையே கொடுத்திருக்காங்க."

"இது பஸ் இல்லையே."

மெக்கானிக்குக்குக் கை வரவில்லை. ஒரு கிளிப்பை இறுக்காமல் விட்டுவிட்டு வருவது அவள் தொழிலில் பாவம். ஸ்பேனரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, மூடி நழுவாத அளவுக்குத் தளர்த்தினாள். மூடி தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடியது.

மாப்பிள்ளை சும்மா இருக்குமா? கீழே முட்டிக்கொண்டதும் துணிக்கொடி வழியாக வந்து தாவியது. துணிக்கொடியை அந்தப் பக்கம் மாற்றினார்கள். கூரை விளிம்பிலிருந்து பாய்ந்தது. கம்பத்தையே பிடுங்கிக் கொல்லையின் நடுவில் நட்டார்கள். மண் தோண்டியதில் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் ஒருநாள் அது மூடியின் விளிம்பைத் தொட்டுத் தொங்கப் பார்த்தது. மூடி மரியாதையாகச் சாய்ந்து மாப்பிள்ளையைப் புல்லில் இறக்கிவிட்டது. அது எழுந்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, வேலியோரம் போயிற்று. அங்கே ஒரு தட்டில் அதற்கென்று கடலை வைத்திருந்தாள் குட்டி. மாப்பிள்ளைக்குத் தனிப்பந்தி.

இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அதுதான் இல்லை. அணில் விஷயம் மட்டும் நேரடியாக நடந்தது. சாப்பாட்டு மேசைக்கு வந்தால், "போதும்னு சொல்லுங்கப்பா" மறுபடியும் தொடங்கிவிட்டது. கொஞ்சம் பழக்கம், கொஞ்சம் கூச்சம். பழுப்புக் குருவிகள் வந்தன, தவிட்டு நிறத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. மஞ்சச் சட்டையை மட்டும் காணோம். குட்டி தினமும் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போவாள். லீவு விட்டார்கள். சனிக்கிழமை வருவதாக அத்தை சொல்லியிருந்தாள். அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை அப்பா இறக்கித் தூசி தட்டி வைத்தார். தட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை மெக்கானிக்குக்கு ஓய்வு நாள். அதை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டு, வேலைக்குக் கிளம்பினாள்.

"நீ இருக்க வேண்டாமா?" என்றார் அவர், வாசலில்.

"இருந்தா அழுதுடுவேங்க. நான் அழுதா அவளுக்குச் சங்கடம். அதுக்காக அவ இங்க இருக்க வேண்டாம். எங்க அவளுக்கு நல்லா இருக்கோ அங்க இருக்கட்டும்." அதைச் சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. "சாப்பாடு கட்டி வெச்சிருக்கேன். வழியில சாப்பிடச் சொல்லுங்க."

டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு குழி உண்டு. அன்று அவளாகவே அந்தக் குழி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். பின் அச்சுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டே, இந்நேரம் பெட்டி காருக்கு வந்திருக்கும், இந்நேரம் ஏறியிருப்பாள் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். நினைக்காமல் இருக்க வேறு வழியும் தெரியவில்லை.

"ஏம்மா, மெக்கானிக்கம்மா!" மேலே போர்மேனின் செருப்பு தெரிந்தது. அவர் சமீபத்தில் மாற்றலாகி வந்தவர். "உங்களுக்குத்தான் போன். உங்க பொண்ணாம்."

"யாரு சார்?"

"உங்க பொண்ணுதான். 'அவங்க பொண்ணு பேசறேன், அவசரம், உடனே கூப்பிடுங்க'ன்னு என்னையே அதட்டுது. அதட்டறதுல அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கும்மா!"

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று போர்மேனின் நம்பரை எழுதி வீட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தது மெக்கானிக்குக்கு ஞாபகம் வந்தது. இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. போர்மேன் குழி விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்து, போனை அவள் காதில் வைத்துப் பிடித்தார்.

"வந்துட்டாங்க!" குட்டி மூச்சு வாங்கினாள். "ரெண்டு பேரும்! சட்டையும் அவன் பெண்டாட்டியும். குச்சியில உட்கார்ந்து தின்னுட்டிருக்காங்க. மாப்பிள்ளை கீழ நின்னு அண்ணாந்து பார்க்குது, அது மூஞ்சியை நீங்க பார்க்கணுமே!"

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அவர் பக்கத்துலதான் நிக்கறாரு. உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணிச்சு."

"அத்தை வந்தாச்சா?"

"வந்து ரொம்ப நேரமாச்சு. பெட்டி ஏன் கட்டலன்னு திட்டிட்டிருக்காங்க."

"ஏன் கட்டல?"

"லீவுக்கு மட்டும்தானே போறேன்? அதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பெட்டி? நேத்தே அத்தைகிட்ட போன்ல சொல்லிட்டேன், ஸ்கூல் இங்கதான்னு. அவங்கதான் நம்பல."

நேற்று. மஞ்சச் சட்டை வருவதற்கு முன்னாடியே. மெக்கானிக் போட்டு வைத்திருந்த கணக்கு முழுசாகத் தப்பு. கணக்குத் தப்பிப் போனதில் இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வாழ்க்கையில் இருந்ததில்லை.

"இருக்கீங்களா?" என்றாள் குட்டி. "அந்த கிளிப்பை யாராவது இறுக்கிடப் போறாங்க. அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. நான் வர்ற வரைக்கும் நீங்கதான் பார்த்துக்கணும். லூசாவே இருக்கணும், சரியா?"

"சரி" என்றாள் மெக்கானிக். போன் வைக்கப்பட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லாததால், தோள்பட்டையில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

போர்மேன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதும்மா."

"எனக்கே இப்பத்தான் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடியும் பஸ்ஸுக்கு அடியில் போனாள்.